ஆறுமுகநயினாரின் ரத்தத்தை எண்ணியவள்

1984 தை மாதக் கடைசி. தென்காசியில் டாக்டர் கல்யாணராமனின் கிளினிக்கில், ரத்தம் எடுக்கும் நாற்காலியில் ஒரு மனிதர் வந்து உட்கார்ந்தார். நல்ல உயரம், வெளுத்த வேட்டி, இடது காலில் பெரிய கட்டு. முப்பிடாதி சீட்டை வாங்கிப் பெயரைப் படித்தாள். ஆறுமுகநயினார், வயது ஐம்பத்திரண்டு, மேலகரம்.

அவர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். "மெதுவா குத்தும்மா. எனக்கு ஊசின்னாலே ஆகாது."

முப்பிடாதி ரப்பர் குழாயைப் புஜத்தில் இறுக்கிக் கட்டினாள். தேவைக்கு மேல் ஒரு சுற்று இறுக்கினாள். அவளுக்கு அவனைத் தெரியும். அவனுக்குத்தான் அவளைத் தெரியவில்லை.

1978 ஆவணியில் அவளுடைய அண்ணன் சுடலைக்கண்ணுவை, பாவூர்சத்திரம் சந்தையில் கத்தரிக்காய் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த இடத்திலிருந்து போலீஸ் கூட்டிப்போனது. சுந்தரபாண்டியபுரத்தில் ஒரு பண்ணையார் வயலில் பம்ப்செட் மோட்டார் களவு போயிருந்தது. முந்தின வாரம் அந்த வயலில் சுடலைக்கண்ணு வேலைக்குப் போயிருந்தான். சந்தேகப்பட அது போதுமாக இருந்தது. அந்தக் காவல் நிலையத்துக்கு அப்போது சப்-இன்ஸ்பெக்டர் ஆறுமுகநயினார். இரண்டு நாள் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் காலையில், பையன் வேட்டியால் தூக்குப் போட்டுக்கொண்டான் என்று ஆள் வந்து சொன்னது.

முப்பிடாதிக்கு அப்போது இருபது வயது. பாளையங்கோட்டையில் லேப் டெக்னீஷியன் படிப்பு முடிக்க இரண்டு மாதம் பாக்கி. உடலைக் குளிப்பாட்டும்போது ஆத்தா மாடத்தியோடு அவளும் இருந்தாள். கழுத்தில் இறுகிய தடமே இல்லை. உள்ளங்கால் இரண்டும் பலாப்பழம் மாதிரி வீங்கி, கறுத்து, ஒரு இடத்தில் வெடித்திருந்தது. அன்றைக்கு ஸ்டேஷன் வாசலில் மண்ணை வாரித் தூற்றிய மாடத்தியைப் பார்த்து, "களவாணிப் பயல பெத்துட்டு இங்கன வந்து என்னட்டி கூப்பாடு?" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறியவன்தான் இவன். பக்கத்தில் நின்ற பெண்ணை அவன் பார்க்கக்கூட இல்லை.

மோட்டார் ஆறு மாதம் கழித்துப் பண்ணையாரின் மருமகனிடமே கிடைத்தது. அதற்காக யாரும் காகிதத்தைத் திருத்தவில்லை. களவு செய்து பிடிபட்ட பயத்தில் தற்கொலை செய்துகொண்டவன் என்றுதான் சுடலைக்கண்ணுவின் பெயர் அரசாங்கக் கோப்பில் கிடந்தது. மாடத்தி மனுமேல் மனு போட்டாள். ஆர்.டி.ஓ. விசாரணை நடந்தது. அதே ஸ்டேஷனில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்ற மூசா என்பவர், நடந்ததைக் கண்ணால் பார்த்ததாக எழுதிக் கொடுத்தார். வழக்குப் போட அரசாங்கம் அனுமதி கொடுக்க நாலு வருடம் ஆயிற்று. இதற்கிடையே இன்ஸ்பெக்டராக உயர்ந்திருந்த ஆறுமுகநயினாரை சஸ்பெண்ட் செய்தார்கள். திருநெல்வேலி செஷன்ஸ் கோர்ட்டில் வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக வழக்கு நகர்ந்துகொண்டிருந்த காலத்தில்தான் அவன் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தான்.

அவன் போனபிறகு டாக்டரிடம் கேட்டாள். "சார், இவருக்கு என்ன?"

"தோல் கேன்சர்மா. குதிங்கால்ல ஒரு கறுப்பு மச்சம் இருந்திருக்கு. முள்ளு குத்தின தழும்புன்னு நினைச்சு பிளேடால தானே சீவியிருக்கார். இப்போ முழங்கால் வரைக்கும் கட்டி கட்டியா ஏறிடுத்து." கல்யாணராமன் திருவனந்தபுரத்திலிருந்து வந்த கடிதத்தைக் காட்டினார். "அங்கே புதுசா ஒரு வைத்தியம் பண்ணிப் பாக்கறா. காசநோய் வராம இருக்கக் குழந்தைகளுக்குப் போடற பி.சி.ஜி. மருந்து இருக்கோல்லியோ, அதை அந்தக் கட்டிகளுக்குள்ளேயே ஊசியா போடறா. உள்ளே வந்த கிருமியைப் பாத்து உடம்புக்குக் கோபம் வரணும். அந்தக் கோபத்துல பக்கத்துல இருக்கற கேன்சரையும் சேர்த்து அடிக்கும்னு கணக்கு. மூணு வாரத்துக்கு ஒரு ஊசி. நடுவுல வாராவாரம் நாம ரத்தம் எண்ணி எழுதி அனுப்பணும்."

"எண்ணி?"

"வெள்ளணு மூவாயிரத்துக்குக் கீழே போனா ஊசி போடப்படாது. உடம்பு தாங்காது."

முப்பிடாதி தலையாட்டிவிட்டு உள்ளே போய், அவன் ரத்தத்தைக் கட்டம் போட்ட கண்ணாடிச் சில்லில் பரப்பி மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். ஏழாயிரத்து இருநூறு. மற்ற மனிதர்களுக்கு இருக்கிற மாதிரியேதான் அவனுக்கும் இருந்தது. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

வீட்டில் சொன்னதும் மாடத்தி கையெடுத்துக் கும்பிட்டாள். "மிதிச்ச கால்லயே வந்திருக்கு பாத்தியாட்டி! அம்மன் கண்ணத் தொறந்துட்டா."

"அம்மன் தொறக்கதா இருந்தா அன்னைக்கே தொறந்திருக்கணும்" என்றாள் முப்பிடாதி. "இது வியாதி. நல்லவனுக்கும் வருது." அப்படிச் சொன்னாளே தவிர, மாசியும் பங்குனியும் அவள் செவ்வாய்க்கிழமைக்காகக் காத்திருந்தது அவளுக்கே தெரியும். செவ்வாய்க்கிழமைதான் அவன் ரத்தம் கொடுக்க வரும் நாள்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு அவன் குளிர்காய்ச்சலோடு வந்தான். பல் கிடுகிடுத்தது. மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு படி ஏறினான். அன்றைக்குச் சாயம் போட்ட ரத்தப் பூச்சை லென்ஸுக்குக் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்த முப்பிடாதி கண்ணை எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். சிவப்பு மணிகள் நிரம்பிய அணுக்கள், ஈசினோஃபில் என்பவை, நூறு வெள்ளணுவுக்கு மூன்றோ நாலோ இருக்க வேண்டியவை, இருபத்திரண்டு இருந்தன. அடுத்த வாரம் முப்பத்தொன்று. அதற்கடுத்த வாரம் முப்பத்தெட்டு.

"வயத்துல பூச்சியா இருக்கும்" என்று கல்யாணராமன் மலப் பரிசோதனை செய்யச் சொன்னார். பூச்சி இல்லை. யானைக்கால் கிருமியோ என்று அதற்கும் பார்த்தார்கள். அதுவும் இல்லை. "நான் இப்படிப் பாத்ததே இல்லையேம்மா" என்றார் டாக்டர்.

முப்பிடாதியும் பார்த்ததில்லை. ஆனால் அவளுக்கு ஒன்று நிச்சயமாகத் தோன்றியது: இப்படி ஒரு ரத்தத்தோடு மனிதன் நெடுநாள் இருக்க மாட்டான். முப்பத்தெட்டு என்று எழுதும்போது அவள் பேனா காகிதத்தில் அழுத்திப் பதிந்தது. ஒன்றைக்கூட விடவில்லை, நூறு அணுவுக்குப் பதில் இருநூறு அணு எண்ணினாள். அவன் எப்படிச் சாகிறான் என்பது துல்லியமாகத் தெரிய வேண்டும் அவளுக்கு.

பத்து நாளில் திருவனந்தபுரத்திலிருந்து பதில் வந்தது. கல்யாணராமன் சத்தமாகவே படித்தார். இந்த அணு இவ்வளவு கூடுவது தாங்களும் பார்த்திராத ஒன்று. ஆனால் எண்ணிக்கை ஏற ஏறக் கட்டிகள் சுருங்குகின்றன. ஏழு கட்டிகளில் நாலு காய்ந்துவிட்டன. உடம்பு விழித்துக்கொண்டு சண்டை போடுகிறது என்றே நினைக்கிறோம். இத்தனை கவனமாக எண்ணி அனுப்பும் உங்கள் டெக்னீஷியனுக்கு எங்கள் நன்றி.

"பாத்தியா, உனக்குத்தான் நன்றி சொல்லியிருக்கா" என்று டாக்டர் சிரித்தார்.

அவள் பின்கட்டுக் குழாயடியில் போய் முகத்தைக் கழுவினாள். திரும்பத் திரும்பக் கழுவினாள். தான் சாவை எண்ணிக்கொண்டிருப்பதாக நினைத்த அத்தனை மாதமும் அவன் பிழைப்பதைத்தான் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த அவமானம் அவளுக்குத் தாங்க முடியவில்லை.

அடுத்த செவ்வாய் அவன் தெம்பாக வந்தான். "குற்றாலத்துல சீசன் தொடங்கட்டும், எண்ணெய் தேய்ச்சு அருவியில நின்னா மிச்சமும் ஓடிரும்" என்று கம்பவுண்டரிடம் சொல்லிச் சிரித்தான். முப்பிடாதி அவன் நரம்பை வேண்டுமென்றே தவறவிட்டு மூன்று தடவை குத்தினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, "பழகின கைதானம்மா?" என்றான்.

"சில நரம்பு வழுக்கும் சார்" என்றாள்.

ஆனியில் ஆறாவது ஊசி. அது கழிந்த மூன்றாவது செவ்வாய் அவன் வந்தபோது மகன் அவனைத் தூக்காத குறையாகக் கொண்டுவந்தான். விடாத காய்ச்சல், உதட்டில் புண். முப்பிடாதி கண்ணாடிச் சில்லின் நாலு மூலைக் கட்டங்களையும் எண்ணினாள். அணுக்கள் காலியான தெருவில் நிற்கும் ஆட்கள் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரிந்தன. திரும்பச் சில்லு போட்டு எண்ணினாள். இரண்டாயிரத்து நூறு.

மறுநாள் திருவனந்தபுரத்தில் அவனுக்கு ஏழாவது ஊசி. டாக்டர் கல்யாணராமன் மதுரைக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். ரிப்போர்ட்டை, சாயங்காலம் வாங்க வரும் மகன் கையில் கொடுத்தனுப்பினால் போதும், அதைப் பார்த்துத்தான் அங்கே ஊசி போடுவார்கள்.

முப்பிடாதி சீட்டை எடுத்து, ஐயாயிரத்து நூறு என்று எழுதினாள். ஒரே ஒரு எண்தான் மாற்றம். மை காயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பயமோ பாவமோ தோன்றவில்லை. வீங்கிய உள்ளங்காலை மட்டும் நினைத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில் மாடத்தி வெயிலில் வேர்க்க விறுவிறுக்கக் கிளினிக் வாசலில் வந்து நின்றாள். திருநெல்வேலியில் அரசு வக்கீலைப் பார்த்துவிட்டு நேரே பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறாள்.

"ஏட்டி, வாய்தா புரட்டாசிக்குத் தள்ளிப் போச்சு. அவனுக்குச் சொகமில்லைன்னு சர்ட்டிபிகேட் குடுத்துருக்கானாம். நான் வக்கீல்கிட்ட கேட்டேன், அவன் செத்துட்டாம்னா எனக்கு ஒரு காயிதம் குடுப்பேளா, எம்பிள்ள களவாணி இல்லைன்னு? அந்த மனுசன் சொல்லுதாரு, 'செத்தாம்னா கேஸு அத்தோட முடிஞ்சுது, ஆச்சி. குத்தவாளின்னு தீர்ப்பே எழுத மாட்டாங்க. உம்மகன் தூக்குப் போட்டான்னு இருக்கது அப்படியேதான் இருக்கும்'ங்காரு."

மாடத்தி அழுதாள். "அந்த மூசா அண்ணாச்சிக்கும் நெஞ்சுவலி வந்து படுத்துட்டாராம். அவரும் போயிட்டா சாட்சி சொல்ல ஆளேது? இவனுவ இழுத்தடிக்கதே அதுக்குத்தான்."

முப்பிடாதி மேஜைமேல் கிடந்த சீட்டைப் பார்த்தாள். நாளைக்கு அவன் செத்தால் வியாதிக்காரனாகச் செத்துப்போவான். மேலகரத்தில் பந்தல் போடுவார்கள், சங்கு ஊதுவார்கள், காக்கிச் சட்டைக்காரர்கள் மாலையோடு வருவார்கள். அண்ணன் களவாணியாகவே இருப்பான்.

"அவன் சாவக்கூடாது" என்றாள்.

"என்னட்டி சொல்லுத?"

"கூண்டுல ஏறி நிக்காம அவன் சாவக்கூடாதும்மா."

சீட்டை நாலாகக் கிழித்தாள். புதுச் சீட்டில் இரண்டாயிரத்து நூறு என்று எழுதிச் சிவப்பு மையில் கோடு போட்டு, சாயங்காலம் வந்த மகனிடம் கொடுத்துவிட்டு, அதோடும் நம்பாமல் தபால் ஆபீசுக்கு நடந்து திருவனந்தபுரத்துக்குத் தந்தியும் அடித்தாள். வெள்ளணு 2100, ஊசி போட வேண்டாம்.

பி.சி.ஜி. கிருமி ரத்தத்தில் கலந்து எலும்புக்குள்ளே இறங்கிவிட்டிருந்தது என்று பின்னால் அங்கிருந்து எழுதினார்கள். ஏழாவது ஊசி போட்டிருந்தால் அவன் பிழைத்திருக்க மாட்டான். ஊசியை நிறுத்தி, காசநோய் மாத்திரை கொடுத்து, ஒரு மாதம் அங்கேயே படுக்க வைத்தார்கள். ஆவணியில் அவன் திரும்பி வந்தபோது கட்டிகள் இருந்த இடமெல்லாம் வெள்ளைத் தழும்பு. முப்பிடாதி வாராவாரம் எண்ணினாள். மூவாயிரத்து நானூறு. நாலாயிரத்து எண்ணூறு. ஆறாயிரம். தோட்டத்தில் பந்தல்கால் ஊன்றிக் கொடி ஏறுவதைப் பார்க்கிறவள் மாதிரி அந்த எண்கள் ஏறுவதைப் பார்த்தாள். இப்போது ஒவ்வோர் அணுவும் அவளுக்கு வேண்டியிருந்தது.

புரட்டாசி வாய்தாவும் தள்ளிப்போயிற்று. மார்கழியும் தள்ளிப்போயிற்று. 1985 மாசியில் ஒரு பகல் நேரம், அன்றைக்குச் செவ்வாய்க்கிழமைகூட இல்லை, ஆறுமுகநயினார் தனியாக லேப் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான். குண்டாகியிருந்தான். முகத்தில் பழைய மினுக்கம் வந்திருந்தது.

"ஏம்மா, ஒனக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் காணாது. அன்னைக்கு நீ ரெண்டாயிரத்து நூறுன்னு எழுதலைன்னா நான் இல்ல."

"சொல்லுங்க சார்."

"அதே நம்பர இன்னொரு தடவ எழுதணும். அவ்வளவுதான். இருபதாம் தேதி கோர்ட்டு. நடமாட முடியாதுன்னு டாக்டர்ட்ட சர்ட்டிபிகேட் வாங்கணும். அவரு ஒன் ரிப்போர்ட்டப் பாத்துத்தான் எழுதுவாரு. இன்னும் ரெண்டு மூணு மாசம் ஓட்டிட்டா போதும். ஒரு கெழவன் இழுத்துக்கிட்டு கெடக்கான்."

முப்பிடாதி கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். துடைத்தாள். "கெழவன் யாரு சார்? மூசா ஏட்டா?"

அவன் முகம் மாறியது. "ஒனக்கெப்படித் தெரியும்?"

"ஸ்டேஷன் வாசல்ல மண்ண வாரித் தூத்தினாளே ஒருத்தி, மாடத்தி. அவ மக நானு. சுடலைக்கண்ணு தங்கச்சி."

அவன் பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்தான். ரத்தம் எடுக்கிற நாற்காலி. ஒரு வருடத்தில் நாற்பது தடவைக்குமேல் அவன் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்த நாற்காலி. அதை அவன் அப்போதுதான் நினைத்திருப்பான் போலிருக்கிறது, தன் முழங்கை மடிப்பைத் தடவிக்கொண்டான்.

"அப்ப... நீ ஏன் என்னய..."

"கொல்லலைன்னு கேக்கேளா? ஐயாயிரத்து நூறுன்னு எழுதித்தான் வச்சிருந்தேன். அப்புறம் கிழிச்சேன். நீங்க கோர்ட்டுக்கு வரணும்லா? அதுக்குத்தான் எண்ணிக்கிட்டு இருக்கேன்."

"ஏட்டி..." என்று குரல் உயர்ந்தது. பழைய ஸ்டேஷன் குரல். "ஒன்னய என்ன செய்வேன் தெரியுமா?"

"கையை நீட்டுங்க" என்றாள் அவள், சிரிஞ்சை எடுத்தபடி. "ரிப்போர்ட் வேணும்னீங்கள்லா. உள்ளது உள்ளபடி எழுதித் தாரேன்."

அவன் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

வேறு ஊரில் எங்கோ ஒரு லேபில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று அவன் ஒரு சீட்டு வாங்கிய செய்தி, அவனுடைய வக்கீல் அதைக் கோர்ட்டில் நீட்டியபோது தெரிய வந்தது. மாடத்தி வந்து சொன்ன மறுநாளே முப்பிடாதி திருநெல்வேலிக்குப் பஸ் ஏறி அரசு வக்கீலைப் பார்த்தாள். தன்னையும் கிளினிக்கின் ரத்தப் பரிசோதனைப் பதிவேட்டையும் கோர்ட் சம்மன் அனுப்பி வரவழைக்கச் சொன்னாள். சம்மன் வந்ததும் கல்யாணராமன் கலங்கிப்போனார்.

"பேஷன்ட் ரத்தத்தைப் பத்தி வெளியில பேசப்படாதும்மா. இது வைத்தியத் தொழில்."

"கோர்ட்டு கேக்குது சார். பொய் சொல்லச் சொல்லுதீங்களா?"

அவர் கொஞ்சநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பிறகு பதிவேட்டை அவரே எடுத்து அவளிடம் கொடுத்தார்.

பங்குனி பிறந்த முதல் வாரம், முப்பிடாதி சாட்சிக் கூண்டில் ஏறினாள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்ததும் எழாததுமாக, இறந்தவனுக்கு இவள் தங்கை, பகை தீர்க்க வந்திருக்கிறாள் என்றார்.

நீதிபதி அவளைப் பார்த்தார். "உண்மையாம்மா?"

"ஆமாய்யா. பகை உண்டு. ஆனா எண்ணுனது பொய்யில்ல. பகைக்குப் பொய் எழுதணும்னா போன ஆனியிலேயே எழுதியிருப்பேன். அவரு இன்னைக்கு உசுரோட இருக்க மாட்டாரு." பதிவேட்டைத் திறந்து தேதி தேதியாகப் படித்தாள். "தை இருபத்தொம்பது, ஏழாயிரத்து முந்நூறு. மாசி ஏழு, ஏழாயிரத்து நூறு. நம்பலைன்னா இப்பவே எடுத்துப் பாக்கச் சொல்லுங்க."

நீதிபதி அப்படியே செய்தார். அன்று மத்தியானமே மேலகரத்துக்கு ஆள் போய், நடக்க முடியாதவனாகப் படுத்திருந்தவனைக் காரில் ஏற்றிக் கொண்டுவந்து, அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். ஆறாயிரத்துத் தொள்ளாயிரம் இருந்தது. இனி வாய்தா கிடையாது என்று நீதிபதி உத்தரவு எழுதினார்.

மூசாவை அவருடைய பேரன்கள் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். மூச்சு வாங்க வாங்க இரண்டு நாள் சாட்சி சொன்னார். எந்தக் கம்பு, எத்தனை மணி, யார் காலைப் பிடித்துக்கொண்டது, பையன் தண்ணீர் கேட்டது, வேட்டியை அவிழ்த்துக் கம்பியில் யார் கட்டச் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னார். ஆறுமுகநயினார் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். மூசா சொல்லி முடிக்கும்வரை முப்பிடாதி கண்ணை அவனிடமிருந்து எடுக்கவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. அண்ணன் தண்ணீர் கேட்ட இடத்தில் மட்டும் அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

சித்திரையில் தீர்ப்பு. ஏழு வருடம் கடுங்காவல். சுடலைக்கண்ணு களவில் சம்பந்தப்படாதவன் என்றும், தற்கொலை என்பது ஜோடிக்கப்பட்டது என்றும் தீர்ப்பில் இருந்தது. அந்தப் பத்தியை மாடத்தி மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். படிக்கத் தெரியாதவள், அந்த வரிகள் எந்தப் பக்கத்தில் எங்கே இருக்கின்றன என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னாள்.

பாளையங்கோட்டைச் சிறைக்குப் போன ஆறுமுகநயினாருக்குப் பதிமூன்றாம் மாதம் வியாதி திரும்ப வந்தது. இந்தத் தடவை ஈரலில். அங்கே என்ன மருந்து கொடுத்தார்கள், ரத்தத்தில் அந்தச் சிவப்பு மணி அணுக்கள் திரும்ப ஏறினவா என்றெல்லாம் முப்பிடாதிக்குத் தெரியாது. 1986 ஆனியில் கைதிகள் வார்டில் செத்துப்போனான்.

செய்தியைச் சொன்னவர் கல்யாணராமன்தான். தயங்கித் தயங்கிச் சொன்னார். "போனது போகட்டும்மா. இனிமேயாவது மனசுல மன்னிச்சு விட்டுடு."

"அவரு மன்னிப்பே கேக்கலையே சார்" என்றாள் முப்பிடாதி. "ஏழு வருசம்னு எழுதினாங்க. பதினாலு மாசந்தான் இருந்திருக்காரு. இன்னும் அஞ்சு வருசம் பத்து மாசம் இருந்திருக்கணும்."

டாக்டர் தன் அறைக்குப் போனார். வெளியே பெஞ்சில் புளியறையிலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு கர்ப்பிணிப் பெண் வெகுநேரமாகக் காத்திருந்தாள். முப்பிடாதி அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, கையைத் தடவி நரம்பு தேடினாள்.